ஈர ட்ராக்கில் பழைய டயர்: பல பருவமழைகள் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ட்ராக் டே (சொந்தக் காரைப் பந்தய ட்ராக்கில் ஓட்டும் நாள்) பதிவு செய்கிறவர்கள் ஈரத் தரையை எதிர்பார்த்தே வர வேண்டும். 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ட்ராக்குக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்விஃப்ட், போலோ, ஐ20 போன்ற அன்றாட ஹேட்ச்பேக்கில், ஐந்தாறு வருடம் ஓடிய டயரோடுதான் வருகிறார்கள். எப்படியும் மாற்றப்போகிற டயர், ட்ராக்கில் தேய்த்துத் தீர்த்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். வெயில் நாளில் அது ஓரளவு சரிதான். மழை நாளில், டயர் எந்த வகையில் பழசாகியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

வயதாகி ரப்பர் இறுகிப்போன, ஆனால் பட்டன் (தரையைத் தொடும் பள்ளமும் மேடுமான மேற்பரப்பு) நன்றாக மிச்சமிருக்கும் டயர் ஒரு வகை. ரப்பர் இன்னும் மென்மையாக இருந்தும் பட்டன் தேய்ந்துவிட்ட டயர் இன்னொரு வகை. ஈரத்தில் முதல் வகை சீக்கிரமே வழுக்கும். ஆனால் சொல்லிவிட்டு, குறைந்த வேகத்தில் வழுக்கும். இரண்டாவது வகை நன்றாகப் பிடித்துக்கொண்டே வந்து, தேங்கிய நீரைத் தொட்டதும் ஒரே நொடியில் மிதந்துவிடும். கற்றுக்கொள்கிறவருக்கு முதல் வகையை, நிபந்தனைகளோடு, தைரியமாகச் சொல்வேன். இரண்டாவதை மழை நாளில், ட்ராக்குக்குள் நுழையும் வழியான பிட் லேனைத் தாண்டவே விடக்கூடாது. டயர் கடையில் கை வைத்துப் பார்த்து "பரவாயில்லை, இன்னும் ஓடும்" என்று சொல்வது சாலைக்கான தீர்ப்பு. அதை ட்ராக்குக்குக் கொண்டுவராதீர்கள்.

முந்தின நாள் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 4118 என்றால் 2018-ஆம் ஆண்டின் 41-வது வாரம் தயாரானது. பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். வெளியே காணவில்லையென்றால் காருக்கு அடியில் குனிந்து உள்பக்கம் பார்க்க வேண்டும். நான்கு டயருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஸ்டெப்னியை எப்போதோ மாற்றிப் போட்ட காரில் ஒரு டயர் மட்டும் வேறு வயதில் இருப்பது சகஜம். ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் வளையத்திலிருந்து கழற்றி உள்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு வருடம் தாண்டியதை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், ட்ராக்கில் நான் ஏற்பதில்லை. தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் உச்சவரம்பு பத்து வருடம். ஆனால் நம் ஊர் வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் காரின் டயர் அதற்கு முன்பே களைத்துவிடுகிறது.

பட்டன் ஆழத்தை நாணயத்தால் குத்துமதிப்பாகப் பார்க்காமல் ஆழமானியால் அளக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடத்தில் அளவெடுங்கள். அலைன்மென்ட் தவறிய காரில் உள் ஓரம்தான் முதலில் தேயும். நின்றபடி பார்த்தால் அது கண்ணில் படாது. புது டயரில் சுமார் 8 மி.மீ. இருக்கும். சட்டப்படியான கடைசி எல்லை 1.6 மி.மீ.; பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சிறு மேடுகள் அதைத்தான் காட்டுகின்றன. ஈர ட்ராக்குக்கு என் எல்லை 4 மி.மீ. மூன்று அளவில் எது குறைவோ அதுதான் அந்த டயரின் ஆழம். சராசரி எடுக்கக்கூடாது.

பள்ளத்தின் அடியில் நூல் போன்ற வெடிப்பு, பக்கச்சுவரில் வீக்கம், வெட்டு, பேலன்சிங் செய்த பிறகும் 80 கி.மீ. வேகத்தில் விடாமல் வரும் அதிர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த டயர் வேண்டாம். அதிர்வை மட்டும் பலர் அலட்சியம் செய்கிறார்கள். உள்ளே எஃகுப் பட்டைக்கும் ரப்பருக்கும் உள்ள ஒட்டு ஆக்சிஜனேற்றத்தால் தளரும்போது வெளியே முதலில் தெரிவது பெரும்பாலும் அந்த அதிர்வுதான். ரீட்ரெட் செய்த (தேய்ந்த டயரில் புதுப் பட்டன் ஒட்டிய) டயரும் ட்ராக்குக்கு ஆகாது. டயர் பாலிஷ் போடவே வேண்டாம். சுழலும்போது பட்டன் மேல் தெறித்து முதல் வளைவிலேயே வேலையைக் காட்டும்.

இறுக்கத்தை அறிய, ரப்பரின் கடினத்தை எண்ணாகக் காட்டும் ஷோர் ஏ அளவுமானி இருந்தால் நல்லது. புதுச் சாலை டயர் அறுபதுகளில் காட்டும். எழுபத்தைந்தைத் தாண்டினால் ஈரத்தில் பிடிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். மானி இல்லாவிட்டால் கட்டைவிரல் நகத்தைப் பட்டனில் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்து மெல்ல மறைந்தால் உயிர் இருக்கிறது; பதியவே இல்லையென்றால் இறுகிவிட்டது. இந்த விஷயத்தில் சென்னை மழைக்கு ஒரு சாதகம் உண்டு. ஐரோப்பிய ஓட்டுநர்கள் எழுதும் ஈர ட்ராக் அறிவுரைகளில் குளிர் பெரிய பகுதி. இங்கே மழையிலும் தரை பெரும்பாலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. அதனால் இறுகிய ரப்பரும் அங்கே இருப்பது போல மரக்கட்டையாகிவிடாது.

நான்கில் இரண்டு மட்டும் நல்ல டயர் என்றால், அவை பின்னால் போக வேண்டும். முன்சக்கர இயக்கக் காரில் இது பலருக்கு ஒப்பாது. இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம்தானே என்பார்கள். முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகும், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டால் திரும்பிவிடும். பின்பக்கம் வழுக்கினால், அதுவும் வளைவின் நடுவே பயந்து காலை எடுத்த நேரத்தில் வழுக்கினால், கார் சுழலும். புதியவரால் அதைப் பிடிக்க முடியாது.

காற்றழுத்தம்

உலர்ந்த ட்ராக்கில் குளிர்ந்த டயரில் 28 முதல் 30 பி.எஸ்.ஐ. வைத்து, சூடானதும் 36 வரை ஏறட்டும் என்று விடுவார்கள். அதே எண்ணை மழையிலும் வைப்பதுதான் அதிகம் காணும் தவறு. ஈரத்தில் டயர் சூடாகாது. அழுத்தம் 1 முதல் 3 பி.எஸ்.ஐ. வரைதான் ஏறும். 28-ல் தொடங்கினால் நாள் முழுக்க 30-லேயே ஓட்டுவீர்கள். கார்க் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைக் குளிர்ந்த நிலையில் வையுங்கள், அல்லது அதைவிட 2 கூட வையுங்கள். பெரும்பாலான ஹேட்ச்பேக்கில் அது 33 முதல் 35 வரை வரும்.

இதற்குக் காரணம் உண்டு. டயர் நீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 1960-களில் நாசா விமான டயர்களை வைத்துக் கண்டறிந்தது. அந்தச் சூத்திரப்படி 24 பி.எஸ்.ஐ.-யில் மிதக்கும் வேகம் மணிக்குச் சுமார் 82 கி.மீ., 32-ல் சுமார் 94. பட்டன் இருந்தும் இல்லாததற்குச் சமமாக நீர் ஆழமாக நிற்கும் நிலைக்கான கணக்கு இது. அகலமான கார் டயர் இதற்கு முன்பே மிதக்கலாம், ஆகவே 94-ஐப் பாதுகாப்பு எல்லையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அழுத்தம் குறைந்தால் எந்தத் திசையில் போகும் என்பதற்கு மட்டும் அதை நம்பலாம்.

பிரேக் தூரம்தான் ஏமாற்றும்

புதியவர்கள் வளைவில் எவ்வளவு வேகம் குறைக்க வேண்டும் என்றே யோசிக்கிறார்கள். ஆபத்து அதற்கு முன்னாலேயே, நேர்கோட்டின் முடிவில் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். உலர்ந்த தரையில் உராய்வுக் குணகம் (பிடிப்பின் அளவு) 0.9, ஈரத்தில் நல்ல டயருக்கு 0.6, இறுகிய டயருக்கு 0.45 என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். 40 மீட்டர் ஆரமுள்ள வளைவை இவை முறையே மணிக்கு 68, 55, 48 கி.மீ. வேகத்தில் எடுக்கும். வித்தியாசம் 20 கி.மீ.தான், சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் மணிக்கு 100 கி.மீ.-யிலிருந்து அந்தந்த வேகத்துக்கு இறங்கத் தேவைப்படும் தூரம் 24 மீட்டர், 46 மீட்டர், 67 மீட்டர். வளைவின் வேகம் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, பிரேக் தூரமோ கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மேலும் குறைவான வேகத்துக்கு இறங்க வேண்டும், அதுவும் பலவீனமான பிடிப்பை வைத்துக்கொண்டு. இரண்டும் சேர்ந்துதான் இப்படிப் பெருகுகின்றன.

அதனால் முதல் சுற்றுகளில் உலர்ந்த நாளின் பிரேக் புள்ளியைவிட மூன்று மடங்கு முன்னாலேயே பிரேக்கைத் தொடுங்கள். பிறகு சுற்றுக்கு 5 முதல் 10 மீட்டர் வீதம் உள்ளே நகர்த்துங்கள். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) துடிக்கத் தொடங்கும் இடம் வந்ததும் 10 மீட்டர் பின்வாங்கி அங்கேயே நில்லுங்கள். அன்றைய டயரின் எல்லை அது. மழை கூடினாலும் குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து. ஏபிஎஸ் இல்லாத பழைய காரில் இந்த முறையை முயல வேண்டாம். பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் ஈரத்தில் இறங்கவும் வேண்டாம். கார் சுழலாமல் தடுக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருந்தால் அதை நாள் முழுக்க அணைக்கக்கூடாது.

ஓட்டும் பாதையை மாற்றுவது

உலர்ந்த நாளில் எல்லோரும் ஓட்டும் பாதையில் ரப்பர் படிந்து பளபளப்பாகியிருக்கும். மழை விழுந்ததும் அதுதான் ட்ராக்கிலேயே அதிகம் வழுக்கும் இடம். முதல் கால் மணி நேரம் மிக மோசம்: பல மாதத் தூசி, எண்ணெய், ரப்பர்த் துகள் எல்லாம் சேர்ந்து குழம்பாகிவிடும். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்த பிறகு தரை கழுவப்பட்டு நிலைமை தேறும். தூறலைவிடக் கனமழைக்குப் பிறகான நேரம் பல சமயம் நல்லது, நீர் தேங்காத இடங்களில்.

பிரேக் போடும்போது வழக்கமான பாதைக்கு ஒரு கார் அகலம் தள்ளி, கரடுமுரடான தாரில் இருங்கள். வளைவை வெளிப்பக்கமாகவே சுற்றி வந்து, தாமதமாக உள்ளே திரும்பி, பளபளப்பான பட்டையை முடிந்தவரை குறுக்காக, ஸ்டியரிங் நேராக இருக்கும்போது கடந்துவிடுங்கள். ட்ராக் ஓரத்தில் வண்ணம் பூசிய கெர்ப்பையும் வெள்ளைக் கோடுகளையும் ஒரு சக்கரம்கூடத் தொடக்கூடாது. ஒரு கியர் கூடுதலாக வைத்தால் ஆக்சிலேட்டர் மிதிப்பு மென்மையாகும். ஸ்டியரிங், பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கேளுங்கள்.

ஈரத்தில் டயர் கிறீச்சிடாது. உலர்ந்த நாளில் காது தரும் எச்சரிக்கை முழுவதும் இங்கே போய்விடும். கை மட்டுமே மிச்சம். ஸ்டியரிங் எடை குறைந்தால் முன்சக்கரம் வழுக்கத் தொடங்கிவிட்டது. மேலும் திருப்புவது பயன் தராது. திருப்பியதில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்து, ஆக்சிலேட்டரை மெல்லத் தளர்த்திக் காத்திருங்கள். இறுகிய டயரில் இந்தப் பாடம் மணிக்கு 45, 50 கி.மீ.-யிலேயே கிடைத்துவிடுகிறது, தவறினாலும் புல்லில் நிற்பதோடு போகும். பழைய டயருக்கு நான் ஆதரவாக இருப்பதன் ஒரே காரணம் இதுதான்.

மிதப்பது வேறு. ஸ்டியரிங் திடீரென வெறுமையாகும், எஞ்சின் சுற்று தானாக ஏறும். பிரேக்கைத் தொடாமல், காலை மெல்ல எடுத்து, சக்கரத்தை நேராகவே பிடித்திருங்கள். பயத்தில் திருப்பி வைத்திருந்தால் பிடிப்பு திரும்பி வரும் கணத்தில் கார் அந்தத் திசைக்குப் பாயும். நீர் எங்கே தேங்குகிறது என்பதை மெதுவாகச் சுற்றும் முதல் சுற்றிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். மஞ்சளும் சிவப்பும் செங்குத்துப் பட்டைகளாக உள்ள கொடியை ட்ராக் ஓரத்தில் நிற்கும் மார்ஷல் காட்டினால் அங்கே தரை வழுக்குகிறது என்று பொருள்.

சின்ன விஷயங்களும் நாளைக் கெடுக்கும். ஷூவின் அடிப்பகுதியைத் துடைக்காமல் ஏறினால் பெடலில் கால் நழுவும். தரைவிரிப்பை எடுத்துவிடுங்கள். ஏசியை முன்கண்ணாடிக்குத் திருப்பி ஓடவிடுங்கள். ஹெல்மெட் கண்ணாடியின் உட்புறத்தில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டுத் தேய்த்துத் துடைத்தால் மூச்சு படிந்து மங்காது. முன்விளக்கும் பின்விளக்கும் எரிய வேண்டும். சாதாரண கார் காப்பீடு பந்தயத்தையும் வேகச் சோதனையையும் ஏற்காது. ட்ராக்கில் ஆகும் சேதத்துக்கு உங்கள் பணம்தான்.

மழை நின்று ட்ராக் காயும் நேரத்தில் இறுகிய டயரின் நிலை தலைகீழாகிறது. காய்ந்த பட்டையில் உயரமான பட்டன் வளைந்து வளைந்து சூடேறும். இறுகிய ரப்பர் அதைத் தாங்காமல் ஓரங்களில் துண்டு துண்டாகப் பிய்யும். நேர்ப்பகுதிகளில் ஈரமான பக்கம் ஓட்டி ஆறவிடலாம். ஆனால் பாதை முழுதும் காய்ந்துவிட்டால், எட்டு வருடத்தை நெருங்கும் டயரை அத்தோடு நிறுத்திவிட வேண்டும். வேகமும் சூடும் சேரும்போதுதான் உள்பட்டைகள் பிரியும். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் பட்டன் ஓரத்தையும் பக்கச்சுவரையும் கையால் தடவிப் பாருங்கள்; பிய்ந்த துண்டின் அடியில் துணி இழையோ கம்பியோ தெரிந்தால் அந்த டயரில் வீட்டுக்கும் ஓட்டக்கூடாது. ஆழம் 4 மி.மீ.-க்கு இறங்கிய டயர் அடுத்த மழைக்கு வேண்டாம். வெடிப்பும் வீக்கமும் இல்லாவிட்டால் ஜனவரிக்குப் பிறகு, உலர்ந்த ட்ராக்கில், குறுகிய செஷன்களில் அதைத் தேய்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.