பழைய வீட்டின் வெப்பமூட்டல்: எரிவாயு பாய்லரா, ஹீட் பம்பா, பெல்லட் பாய்லரா?

பழைய வீட்டின் பாய்லர் ஆயுள் முடிந்து நிற்கும்போது, அடுத்து எந்த இயந்திரத்தை வாங்கலாம் என்றே பெரும்பாலோர் விசாரிக்கிறார்கள். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆண்டின் மிகக் குளிர்ந்த நாளிலும் அந்த வீடு இதமாக இருக்க, சுவரோரம் நின்று அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் எத்தனை டிகிரி செல்சியஸில் வெந்நீர் ஓட வேண்டும்? விடை 45 டிகிரியா, 55 டிகிரியா, 75 டிகிரியா என்பதைப் பொறுத்து, இங்கே ஒப்பிடப்படும் வழிகளின் வரிசையே மாறிவிடும்.

கண்டென்சிங் வகை எரிவாயு பாய்லரில் தொடக்கச் செலவும் குறைவு, வீட்டை உடைத்துச் செய்யும் வேலையும் குறைவு. இருக்கும் குழாய்களும் ரேடியேட்டர்களும் பெரும்பாலும் அப்படியே பயன்படும். புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் பிடித்துக்கொள்வதால், இதன் செயல்திறன் 90 சதவீதத்தை எட்டுகிறது. ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நிகழும். எப்போதும் 80 டிகிரியில் நீரை அனுப்பும்படி அமைத்துவிட்டு, விளம்பரத்தில் கண்ட சேமிப்பை எதிர்பார்ப்பதில் பயனில்லை. நீராவி குளிர்ந்து படியும் நீர் அமிலத்தன்மை கொண்டது என்பதால் பழைய செங்கல் புகைபோக்கியை அப்படியே பயன்படுத்த முடியாது. தனிப் புகைக்குழாயும் வடிகாலும் தேவை. பல்லாண்டுகளாகக் குழாய்களில் சேர்ந்த கருப்பு இரும்புக் கசடைக் கழுவி, காந்த வடிகட்டி ஒன்றையும் பொருத்தாவிட்டால், புதிய பாய்லரின் குறுகிய வெப்பப் பாதைகள் விரைவில் அடைபட்டுப் போகும்.

ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றிலோ நிலத்திலோ இருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் நகர்த்துகிறது. ஆகவே, 35 முதல் 45 டிகிரி வரையுள்ள நீரை அனுப்பும்போது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட்டுக்கு மேலும் வெப்பம் கிடைக்கக்கூடும். நீரின் வெப்பநிலையை 60 டிகிரிக்கு மேல் உயர்த்த உயர்த்த அந்த ஆதாயம் கரைந்துகொண்டே போகிறது. புரோப்பேனைக் குளிர்பொருளாகக் கொண்ட புதிய இயந்திரங்கள் 70 டிகிரியையும் தொடுகின்றன என்று விற்பவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் தொட முடியும் என்பதற்காகக் குளிர்காலம் முழுவதும் அங்கேயே ஓட்டினால், மின்கட்டணமே பதில் சொல்லும்.

பழைய வீட்டில் சிக்கல் பெரும்பாலும் ரேடியேட்டர்களில்தான் இருக்கிறது. அவற்றின் திறன், 20 டிகிரி அறையில் சராசரியாக 70 டிகிரி நீர் ஓடும் நிலையில் அளவிடப்படுகிறது. அந்தச் சராசரி 50 டிகிரிக்கு இறங்கினால் அதே ரேடியேட்டர் ஏறத்தாழப் பாதி வெப்பத்தையே தரும். 42 டிகிரியில் அது மூன்றில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடும். மேலும், ஹீட் பம்ப், போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் இடையே 5 டிகிரி வேறுபாட்டில் நீரைச் சுழற்றுவதால், 15 டிகிரி வேறுபாட்டில் இயங்கிய பாய்லரைவிட மூன்று மடங்கு நீர் ஓட வேண்டும். 8 அல்லது 10 மில்லிமீட்டர் குழாய்கள் போடப்பட்ட வீடுகள் இங்கேயே தடுமாறுகின்றன. வெந்நீர்த் தொட்டிக்கும் இடம் ஒதுக்க வேண்டும். நிலத்திலிருந்து வெப்பம் எடுக்கும் வகை கடுங்குளிரிலும் நிதானமாக இயங்கும் என்றாலும், துளையிடும் செலவு பலருக்குக் கட்டுப்படியாகாது.

செலவுக் கணக்கு எளிது. மின்சாரத்தின் யூனிட் விலை எரிவாயுவைப் போல மூன்று மடங்கு என்றும், பாய்லரின் செயல்திறன் 90 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்குத் தரும் வெப்பம் ஆண்டுச் சராசரியாக 2.7 யூனிட்டைத் தாண்டினால்தான் எரிபொருள் செலவு குறையும்.

மரத்தூளை அழுத்திச் செய்யும் பெல்லட்டுகளால் இயங்கும் பாய்லர், எரிவாயு இணைப்பு இல்லாத, 75 டிகிரி நீரை விட்டால் வேறு வழியற்ற வீடுகளுக்குப் பொருந்தும். ஒரு கிலோவில் ஏறத்தாழ 4.8 கிலோவாட் மணி ஆற்றல் இருப்பதால், ஆண்டுக்கு 20,000 கிலோவாட் மணி வெப்பம் கேட்கும் வீட்டுக்கு ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். அதற்கு ஈரமில்லாத சேமிப்பறை வேண்டும். பெல்லட்டுகளிலிருந்து கார்பன் மோனாக்சைடு கசியும் என்பதால், அந்த அறைக்குக் காற்றோட்டமும் கட்டாயம். சாம்பல் அள்ளும் வேலை தனி. மின்கம்பிச் சுருளால் நீரைச் சூடாக்கும் நேரடி மின்பாய்லர், எப்போதாவது தங்கும் வீட்டுக்கு மட்டுமே சரி.

ஆகவே, பழைய பாய்லர் இன்னும் உயிரோடு இருக்கும் குளிர்காலத்திலேயே, கடுங்குளிரான சில நாட்களுக்கு அது அனுப்பும் நீரை 55 டிகிரிக்குக் குறைத்துப் பார்ப்பது நல்லது. வெந்நீர்த் தொட்டி இருந்தால் அதை மட்டும் 60 டிகிரிக்குக் குறையாமல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் லெஜியோனெல்லா கிருமி வளர இடமாகும். வீடு இதமாகவே இருந்தால் நான் தயங்காமல் ஹீட் பம்பைத் தேர்வேன். ஓரிரு அறைகள் மட்டும் குளிர்ந்தால் அங்குள்ள ரேடியேட்டர்களைப் பெரிதாக்கினால் போதும். வீடு முழுவதும் குளிர்ந்தால், முதலில் பணம் போக வேண்டிய இடம் கூரையின் வெப்பக் காப்பும் காற்றுப் புகும் இடுக்குகளும்தான். இடைவெளியில்லாத திண்மச் சுவர்களுக்கு உட்புறமாகக் காப்பு இடும்போது மட்டும் நிபுணரைக் கேட்க வேண்டும். ஈரம் வெளியேற வழியின்றிப் போனால் சுவர் உள்ளுக்குள்ளேயே கெடும்.

எதைத் தேர்ந்தாலும், பழைய பாய்லரின் அளவைப் பார்த்துப் புதியதன் அளவைச் சொல்லும் விலைப்பட்டியலை ஏற்க வேண்டாம். வெப்பமூட்டலையும் குழாய் வெந்நீரையும் ஒன்றாகத் தரும் 24 கிலோவாட் காம்பி பாய்லர் குளியலுக்கு உடனடி வெந்நீர் தருவதற்காக அளவிடப்பட்டது; அதே வீட்டின் வெப்பத் தேவை 8 அல்லது 9 கிலோவாட்டாக இருக்கலாம். அறைவாரியான வெப்ப இழப்புக் கணக்கை எழுத்தில் தருபவரிடம் மட்டுமே விலை பேசலாம்.