குழந்தைக் காய்ச்சல் மருந்து: கலரைப் பார்ப்பதா, கரைப்பானைப் பார்ப்பதா?

"கலர் இல்லாத காய்ச்சல் சிரப் இருக்கா அண்ணே?" என்று கேட்டு வரும் அம்மாக்கள் இப்போது நிறைய. நல்ல கேள்விதான். ஆனால் அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கியதும், "சளிக்கும் சேர்த்துக் கேக்குற மாதிரி ஒண்ணு குடுங்க" என்பார்கள். மருந்துக்கடையில் நிற்கும் எனக்கு இந்த இரண்டாவது பேச்சுதான் வயிற்றைக் கலக்குகிறது. குழந்தைக் காய்ச்சல் மருந்தில் மருந்தைத் தவிர என்னென்ன சேர்கிறது, எதற்கு எவ்வளவு கவலைப்படலாம், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கினால் நிஜமாகவே என்ன மாறும் என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம்.

முதலில் கலர். லேபிளின் அடியில் பொடி எழுத்தில் 'சன்செட் யெல்லோ', 'கார்மோசின்', 'பான்சோ 4ஆர்' என்று ஏதாவது ஒன்று அச்சாகியிருக்கும். இவற்றுக்கு மருத்துவப் பயன் எதுவும் இல்லை; குழந்தை விரும்பிக் குடிக்கவும் பாட்டிலை அடையாளம் காணவும் மட்டுமே. 2007-இல் இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு, சில செயற்கை நிறமிகளும் சோடியம் பென்சோயேட்டும் சேர்ந்த பானத்தைக் குடித்த குழந்தைகளிடம் துறுதுறுப்பு கொஞ்சம் கூடியதைக் காட்டியது. அந்த ஆறு நிறமிகள் சேர்ந்த உணவுப் பொருள்களில் எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும் என்று 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது. மேலே சொன்ன மூன்றும் அந்த ஆறில் அடக்கம். ஆனாலும் ஆய்வில் தெரிந்த மாற்றம் சிறியது, எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரேபோல் இல்லாதது. இரண்டு மூன்று நாள் கொடுக்கும் காய்ச்சல் மருந்தைவிட, வருஷம் முழுக்க உள்ளே போகும் கலர் மிட்டாயும் கேசரிப் பவுடரும்தான் இந்தக் கணக்கில் பெரிது. ஏற்கெனவே ஏதாவது கலர் மருந்துக்கு உடம்பில் தடிப்பு வந்த குழந்தை என்றால் கதை வேறு. அந்த நிறமியின் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மற்றபடி, கலர் உள்ளதும் கலர் இல்லாததும் ஒரே விலையில் கிடைத்தால் கலர் இல்லாததை எடுங்கள். அதற்காக நடு ராத்திரியில் நாலு கடை அலைய வேண்டாம்.

சர்க்கரை போட்டதா, 'சுகர் ஃப்ரீ'யா? அடிக்கடி மருந்து குடிக்கிற குழந்தைக்குச் சர்க்கரைப் பாகு பல்லைக் கெடுக்கும், அதுவும் தூங்கப் போகும் முன் கொடுத்தால். சுகர் ஃப்ரீயில் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் சார்பிட்டால், சுக்ரலோஸ் போன்றவை வரும். சார்பிட்டால் கூடினால் வயிறு இளகும். காய்ச்சலோடு பேதியும் இருக்கிற குழந்தைக்கு அது உகந்ததல்ல. எப்போதாவது இரண்டு நாள் கொடுப்பவர்கள் இதில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கொடுத்ததும் இரண்டு வாய் தண்ணீர் குடிக்க வையுங்கள். கெடாமல் இருக்கச் சேர்க்கும் பாரபென், பென்சோயேட் விஷயமும் ஏறக்குறைய இப்படித்தான். திறந்து திறந்து மூடும் இனிப்பு நீரில் கிருமி வளராமல் அவை தடுக்கின்றன. பிறந்து நான்கு வாரத்துக்குள் இருக்கும் பச்சிளம் குழந்தைக்கு மட்டும் பென்சோயேட் மஞ்சள் காமாலையைக் கூட்டலாம் என்பதால் அங்கே கவனம் தேவை.

நான் நிஜமாகப் பயப்படும் சேர்க்கை லேபிளில் பெயர்கூடப் போடாதது. நம் ஊர் சிரப்புகள் பலவற்றில் மருந்துகளின் அளவை எழுதிவிட்டு, மீதியை 'ஃபிளேவர்டு சிரப்பி பேஸ்' என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரிக்குள்தான் கரைப்பான் இருக்கிறது. பாராசிட்டமால் தண்ணீரில் சுலபமாகக் கரையாது. சாதாரண அறை வெப்பத்தில் ஒரு மில்லி தண்ணீரில் சுமார் 14 மில்லிகிராம்தான் கரையும். குழந்தை சிரப்பிலோ 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 24. கரைசலாக வேண்டுமானால் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற ஒன்றின் துணை வேண்டும். மருந்துத் தரத்தில் வாங்கினால் அவற்றால் பிரச்சினை இல்லை. தொழிற்சாலைத் தரச் சரக்கை மலிவு என்று வாங்கினாலோ, இடையில் யாரோ கலப்படம் செய்தாலோ, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் வந்து சேர்கிறது. அதுவும் இனிப்பானது, நிறமற்றது, அதே கொழகொழப்பு. நாக்கும் கண்ணும் கண்டுபிடிக்க முடியாது. சிறுநீரகத்தை அழித்துவிடும்.

காய்ச்சல் மருந்தில் இந்த விஷம் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இந்தக் கரைப்பான்தான். 1990-களின் தொடக்கத்தில் பங்களாதேஷில் பாராசிட்டமால் எலிக்சிர் (இனிப்புக் கரைசல்) குடித்துக் குழந்தைகள் இறந்தன. 1996-இல் ஹெய்ட்டியில் பாராசிட்டமால் சிரப், இறந்தவை எண்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2022-இல் இந்தோனேசியாவில் இருநூறுக்கும் மேல். அங்கே அரசு எல்லாத் திரவ மருந்துகளின் விற்பனையையுமே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. 2025-இல் நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' சிரப் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொன்றது. தமிழக அரசின் ஆய்வகம் அந்தத் தொகுப்பில் (பேட்ச்) கண்டது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். செய்திகளில் அதை 'இருமல் மருந்து' என்றே படித்திருப்பீர்கள். அதன் உள்ளே இருந்தது பாராசிட்டமால், மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின், தும்மல் மூக்கொழுகலுக்கான குளோர்ஃபெனிரமின். காய்ச்சலும் சளியுமாகத் தவித்த குழந்தைக்குப் பெற்றவர்கள் நம்பிக் கொடுத்த மருந்து அது.

இங்கே வாங்குபவர் கையில் என்ன இருக்கிறது? திரவத்தை நீங்கள் சோதிக்க முடியாது, நானும் முடியாது. தொகுப்புக்குத் தொகுப்பு மூலப்பொருளைச் சோதிப்பது தயாரிப்பாளரின் கடமை, அதைக் கண்காணிப்பது அரசின் கடமை. ஆனால் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

'சிரப்' என்று நாம் சொல்பவற்றில் பல உண்மையில் 'சஸ்பென்ஷன்'. கரைத்த மாவு அடியில் தங்குவதுபோல மருந்துத்தூள் அடியில் தங்கும், குலுக்கினால் மேலே வரும். மருந்தைக் கரைக்க வேண்டிய தேவை இல்லாததால் கரைப்பான் குறைவாகப் போதும். ஆனால் கிளிசரினும் சார்பிட்டாலும் இதிலும் சேரலாம் என்பதால் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். குலுக்காமல் ஊற்றினால் முதல் வேளையில் வெறும் இனிப்பு நீரும் கடைசி வேளையில் அளவு மீறிய மருந்தும் போகும். சொட்டு மருந்து மில்லிக்கு 100 மில்லிகிராம், எல்லாவற்றிலும் கெட்டி. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்றால் சொட்டு மருந்தில் 1.5 மில்லி, 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 3 மில்லி, 120 சிரப்பில் 6 மில்லிக்குச் சற்று மேல். "போன தடவை அஞ்சு மில்லிதானே குடுத்தோம்" என்று சொட்டு மருந்தில் அஞ்சு மில்லி கொடுத்தால் மூன்று மடங்குக்கு மேல் போய்விடும். கலரால் வரக்கூடிய எந்தக் கெடுதலும் இதன் பக்கத்தில்கூட வராது. மூடி அளவையும் வீட்டு ஸ்பூனையும் விட்டுவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரையைக் கொடுத்து "பாதியாக்கிக் கரைச்சுக் குடுங்க" என்றால் சிரப் தரவில்லையே என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. சேர்க்கைகளை நினைத்துப் பயப்படுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். மாவு, டால்க் போன்ற உலர்ந்த பொருள்கள்தான் அதில் பெரும்பாலும். கிளைக்கால் கரைசல் இல்லை, பெரும்பாலானவற்றில் நிறமியும் இல்லை. தண்ணீரில் கரையும் குழந்தை மாத்திரைகளைத்தான் உலக சுகாதார நிறுவனமும் பல ஆண்டுகளாக ஊக்குவிக்கிறது. 16, 17 கிலோ குழந்தைக்கு 250 மில்லிகிராம் சரியான அளவு: 250 கரையும் மாத்திரை ஒன்று, இல்லையென்றால் நடுவில் கோடு போட்ட 500-இல் பாதி. பாலாடைச் சங்கில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு, மாத்திரை உதிர்ந்ததும் துளி சர்க்கரை சேர்த்துப் புகட்டி, ஒட்டிக்கொண்டிருப்பதையும் கழுவிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு டம்ளர் பாலில் கலந்தால் பாதிப் பாலோடு மருந்தும் மிஞ்சும். இதன் குறை கசப்பு. சின்னஞ்சிறு குழந்தைக்கு நுணுக்கமாக அளவு பிரிக்கவும் முடியாது. 650 மாத்திரையையும், மெதுவாகக் கரையும் வகைகளையும் உடைத்துக் கொடுக்கவே கூடாது.

வாந்தி நிற்காத குழந்தைக்கு ஆசனவாய் வழியாக வைக்கும் சப்போசிட்டரி இருக்கிறது. கெட்டிக்கொழுப்பில் மருந்து, கலரும் இல்லை, இனிப்பும் இல்லை. நம் வெயிலுக்கு உருகும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். உடம்பில் சேரும் வேகம் குழந்தைக்குக் குழந்தை மாறும். அவசரத்துக்கு நல்லது, தினப்படி பழக்கத்துக்கு அல்ல.

மருந்தையே மாற்றினால்? ஐபுபுரூஃபனும் மெஃபனமிக் ஆசிடும் "ஸ்ட்ராங்கானது" என்று பெயர் வாங்கியவை. சேர்க்கைகள் அவற்றிலும் அதே வகைதான், லாபம் ஒன்றும் இல்லை. டெங்கு சந்தேகம் இருக்கும்போது அவை ரத்தக்கசிவைக் கூட்டலாம் என்பதால், ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் டாக்டர் சொல்லாமல் தொடவே வேண்டாம். மெஃபனமிக் ஆசிடால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2023-இல் இந்திய மருந்தியல் ஆணையமும் எச்சரித்தது. சளி, இருமல், காய்ச்சல் மூன்றுக்குமான கூட்டு மருந்து என் பட்டியலிலேயே இல்லை. குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் கூட்டை நாலு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போட 2023-இலேயே உத்தரவு வந்துவிட்டது. அதில் பாராசிட்டமால் இருப்பது தெரியாமல் தனியாகவும் காய்ச்சல் மருந்து கொடுத்து இரட்டிப்பாக்குவது இன்னொரு ஆபத்து.

ஆக, என் தேர்வு இப்படி. மூன்று வயது தாண்டி, எடைக்கு அளவு பொருந்தி, கசப்பைச் சகிக்கிற பிள்ளைக்குக் கரைத்த மாத்திரை. அதற்குக் கீழே பாராசிட்டமால் மட்டும் உள்ள சஸ்பென்ஷன், முடிந்தால் கலர் இல்லாதது. பில்லோடு வாங்கி, காய்ச்சல் விட்டு ஒரு வாரம் வரை பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். தொகுப்பு எண் அதில்தான் இருக்கிறது. எந்தத் திரவ மருந்து கொடுத்தாலும் குழந்தை எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறது என்று பாருங்கள். ஆறு, எட்டு மணி நேரம் போகாமல் வாந்தியும் எடுத்தால் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு உடம்பு சுட்டால் எந்த வடிவமும் வேண்டாம். கடைக்கு வராமல் நேரே டாக்டரிடம் போங்கள்.