ஸ்டாக்ஹோம் பழைய நகர நடைச் சுற்றுலா: மதிப்புரை

ஸ்டாக்ஹோமின் பழைய நகரமான காம்லா ஸ்தானை வழிகாட்டியோடு கால்நடையாகச் சுற்றிப் பார்க்கும் இந்தச் சுற்றுலா, கொடுத்த காசுக்கு முழுப் பலன் தருகிறது. 1520ஆம் ஆண்டு டென்மார்க் மன்னர் இரண்டாம் கிறிஸ்டியான் ஸ்வீடன் பிரபுக்களையும் மதகுருமார்களையும் கொன்று குவித்த பெரிய சதுக்கத்தில் நின்று, அந்தக் கொடுமையே விடுதலைக் கிளர்ச்சிக்கு வித்திட்டதை வழிகாட்டி விளக்கிய விதம் மிக அருமை. அதைவிட என்னைக் கவர்ந்தது, ஒரு தெருமுனைச் சுவரின் அடியில், பழைய பீரங்கிக் குழாய்க்குப் பின்னே பதிந்திருக்கும், ரூனிக் என்னும் பண்டைய ஸ்காண்டிநேவிய எழுத்தில் பொறித்த கல்வெட்டு. மகனை இழந்த பெற்றோர் நட்ட நினைவுக்கல் பிற்காலத்தில் வெறும் கட்டுமானக் கல்லாகிப்போனதை அவர் சொல்லியிராவிட்டால், அதைக் கவனிக்காமலே கடந்திருப்போம். 90 சென்டிமீட்டர் வரை குறுகும் மார்டன் டிரோட்சிக் சந்தில் மட்டும் நெரிசல் தாங்கவில்லை. குழுவின் அளவைக் குறைத்தால் நல்லது. கல் பாவிய தெருக்கள் மேடுபள்ளமானவை என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் பதிவு செய்ய வேண்டும்.