ரிச்சி தெருவில் வாங்கிய இரும்புப் பூச்சு பிட்: ஒரு மதிப்பீடு

மின்னணுச் சாமான்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில், சால்டரிங் அயனின் (பற்றவைக்கும் கருவியின்) சூடாகும் முனைப்பகுதியான பிட்டைக் கேட்டால் வெறும் செம்பில் ஆனதும் கிடைக்கும், இரும்புப் பூச்சு கொண்டதும் கிடைக்கும். 900எம் என்ற மாதிரி அயனின் கைப்பிடிக்குப் பொருந்தும், 2.4 மி.மீ. அகல உளிமுனை உடைய இரும்புப் பூச்சு பிட்டைப் பயன்படுத்தி வருகிறேன். மின்னணுப் பலகைகளில் வேலை செய்யும் எவருக்கும் அதையே தயங்காமல் பரிந்துரைப்பேன்.

இதன் உள்ளே இருப்பதும் வெப்பத்தை விரைந்து கடத்தும் செம்புதான். ஆனால் இணைப்புக்காக உருக்கும் உலோகக் கலவையான சால்டரில் உள்ள வெள்ளீயம் செம்பைக் கரைப்பதால் வெறும் செம்பு முனையில் விரைவிலேயே குழி விழுந்துவிடுகிறது. இரும்போ மிக மெதுவாகவே கரைகிறது. ஆகவே முனைக்கு இரும்புப் பூச்சும், சால்டர் மேலேறிப் படராதிருக்க அதன் பின்பகுதிக்குக் குரோமியப் பூச்சும் தருகிறார்கள். முனையில் காந்தம் ஒட்டவே இல்லையென்றால் அதில் இரும்புப் பூச்சு இல்லை என்று கடையிலேயே தெரிந்துகொள்ளலாம்.

பிட்டின் ஆயுள் அந்த மெல்லிய பூச்சில்தான் இருக்கிறது. செம்பு பிட்டை அரத்தால் ராவிக் கூராக்கும் நம் பழைய வழக்கத்தை இதில் காட்டினால் பூச்சு போய்விடும், உப்புத்தாளும் கூடாது. பித்தளைச் சுருளில் துடைத்து, உடனே புதிய சால்டர் பூசினாலே போதும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் கையாளும் நவச்சாரம் முனையைப் பளிச்சென்று ஆக்கினாலும், அதன் எச்சம் பலகையை அரிக்கும் என்பதால் நான் அதை அனுமதிப்பதில்லை.

63/37 சால்டர் (63% வெள்ளீயம், 37% காரீயம்) 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடுவதால் பிட்டை 320 முதல் 350 டிகிரிக்குள் வைத்தால் பெரும்பாலான இணைப்புகளுக்குப் போதும். காரீயம் கலக்காத வகை உருகத் தொடங்கவே ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும் என்பதோடு, அதில் வெள்ளீயம் மிகுதியாக இருப்பதால் இரும்பும் விரைவாகத் தேய்கிறது. 400 டிகிரிக்கு மேல் சும்மா எரியவிட்டால் முனை கறுத்து, சால்டர் ஒட்டவே மறுக்கும். அணைப்பதற்கு முன் முனையில் தடிமனாகச் சால்டர் விட்டுவைப்பது, கடற்காற்று வீசும் இந்த ஊரில் மிகவும் அவசியம்.

இவ்வகையின் குறை, மலிவுப் பிரதிகளில் உட்துளையின் அளவு சீராக இல்லாததுதான். ஹீட்டருக்கும் பிட்டுக்கும் இடையே வெளி அதிகமானால் வெப்பம் முனையைச் சேராது. எனவே கைப்பிடியைக் கடைக்கே கொண்டுசென்று பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.