பாத்ஃபைண்டர் பிகினர் பாக்ஸ்: புதியவர்களை ரோல்பிளேயிங்கிற்குள் கூட்டிவர எது உதவும், எங்கே சறுக்கும்

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் கதை விளையாட்டு) என்றால் என்னவென்றே தெரியாத நான்கு பேரை மேசையைச் சுற்றி உட்காரவைத்து, விதிப்புத்தகத்தைப் படிக்கச் சொல்லாமலே ஆட்டத்தைத் தொடங்க வேண்டுமென்றால், பெய்ஸோ நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பாத்ஃபைண்டர் என்ற ரோல்பிளேயிங் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்புக்கான பிகினர் பாக்ஸைத் தாராளமாக வாங்கலாம். விதிகளை ஒவ்வொன்றாக, தேவைப்படும் இடத்தில் மட்டும் அறிமுகப்படுத்துவதில் இந்தப் பெட்டி அபாரம்.

உள்ளே ஆட்டக்காரர்களுக்கு 80 பக்கப் புத்தகம், கதையை நடத்தி எதிரிகளை ஆடும் கேம் மாஸ்டருக்கு 96 பக்கப் புத்தகம், ஒரு செட் பகடைகள், இருபுறமும் அச்சிட்ட பெரிய வரைபட விரிப்பு, பிளாஸ்டிக் தாங்கியில் நிறுத்தும் நூற்றுக்கும் மேற்பட்ட அட்டை உருவங்கள். போர்வீரன், திருடி, பூசாரி, மந்திரவாதி என நான்கு தயார் பாத்திரங்கள் இருக்கின்றன. சொந்தமாக உருவாக்க விரும்புகிறவர்களுக்கு வெற்றுத் தாள்களும் உண்டு. ஆனாலும் முதல் நாள் தயார் பாத்திரங்களோடு ஆடுவதே நல்லது. என்ன ஆட்டமென்றே தெரியாதவரிடம் திறன்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும்.

ஆட்டக்காரர் புத்தகத்தில் தனியாக ஆடக்கூடிய சிறு சாகசம் ஒன்று இருக்கிறது. பத்தியைப் படித்து, முடிவெடுத்து, பகடை உருட்டி, அது சொல்லும் எண்ணுள்ள பத்திக்குப் போக வேண்டும். யார் கேம் மாஸ்டராக உட்காரப் போகிறாரோ அவர் இதைக் கட்டாயம் ஆடிப் பார்க்க வேண்டும். முடிகிறபோது, 20 முகப் பகடையை உருட்டி, கூட்டலைச் சேர்த்து, இலக்கு எண்ணோடு ஒப்பிடும் அடிப்படை பழகிப்போயிருக்கும்.

முக்கிய சாகசம் ஒரு மீன் பண்டகசாலையின் அடியிலுள்ள நிலவறையில் நடக்கிறது. முதல் மோதல் ராட்சத எலிகளோடு. அடுத்தடுத்த அறைகளில் திறன் சோதனை, பொறி, சாகாப் பிணங்கள் என ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். இதே வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 2014-ல் வந்த ஸ்டார்ட்டர் செட்டில் முதல் சண்டையே பதுங்கியிருக்கும் நான்கு காப்ளின்களோடுதான் (காப்ளின் என்றால் குட்டிப் பூதம்). பகடை கொஞ்சம் கைவிட்டாலும் புதியவரின் பாத்திரம் அங்கேயே விழுந்துவிடும். இங்கே அந்தப் பயம் குறைவு.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது மூன்று செயல் முறையில்தான். ஒவ்வொருவரும் தன் முறையில் மூன்று செயல்கள் செய்யலாம்: நகர்வது ஒன்று, வெட்டுவது ஒன்று, பெரும்பாலான மந்திரங்கள் இரண்டு. உடனே எல்லோரும் மூன்று முறை வெட்டப் பார்ப்பார்கள். இரண்டாம் வெட்டுக்கு 5, மூன்றாவதற்கு 10 கழியும் என்று விதியை வாசித்துக் காட்டினால் மண்டையில் ஏறாது. எண்ணை வைத்துச் சொல்லுங்கள். தாக்குதல் கூட்டல் 9 உள்ள போர்வீரன், தற்காப்பு எண் (வெட்டு படுவதற்கான இலக்கு எண்) 15 உள்ள எலியை வெட்டுகிறான். முதல் வெட்டுக்குப் பகடையில் 6 விழுந்தால் போதும். இரண்டாவதற்கு 11 வேண்டும். மூன்றாவதற்கு 16. அதே மூன்றாவது செயலில் கேடயத்தை உயர்த்தினால் தற்காப்பு 2 கூடும். ஓரடி பின்வாங்கினால் எதிரி தன் செயலொன்றைச் செலவழித்துத்தான் நெருங்க முடியும். கேடயம் கையில் இருப்பதால் மட்டும் பயனில்லை, செயல் செலவழித்து உயர்த்த வேண்டும் என்பதைக் கேடயக்காரருக்கு முதல் சுற்றிலேயே நினைவூட்டுங்கள்.

இலக்கைவிட 10 கூட வந்தால் அபார வெற்றி, 10 குறைந்தால் படுதோல்வி என்ற விதியை முன்கூட்டியே விளக்க வேண்டாம். மேசையில் நடக்கும்போது சொன்னால் மறக்காது. பூசாரியின் குணப்படுத்தும் மந்திரத்தை மட்டும் முன்பே எச்சரித்துவிடுவது நல்லது. ஒரு செயலென்றால் தொட்டுத்தான் குணப்படுத்த முடியும், இரண்டென்றால் தூரத்திலிருந்தும் ஆகும். மூன்று செயல்கள் கொடுத்தால் சுற்றியுள்ள உயிருள்ள எல்லோருக்கும் ஆறும், எதிரிகளுக்கும் சேர்த்து! சாகாப் பிணங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் அதே மந்திரம் அவற்றைக் காயப்படுத்தும் ஆயுதமாகிவிடும்.

குறைகளும் இருக்கின்றன. நான்கு பேருக்கு ஒரே செட் பகடை போதவே போதாது. கைமாற்றிக்கொண்டே இருந்தால் சண்டையின் வேகம் செத்துவிடும். ஆளுக்கொரு 20 முகப் பகடையாவது தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். விரிப்பில் நிலவறை முழுவதும் அச்சாகியிருப்பதால், போகாத அறைகளைக் காகிதத்தால் மூடி வைக்க வேண்டும். அட்டை உருவங்களை முந்தைய நாளே பிரித்து, அறைவாரியாக உறைகளில் போட்டு வையுங்கள். அவசரத்தில் பிய்த்தால் ஓரம் கிழியும். பின்பக்கத்திலிருந்து மெல்ல அழுத்தினால் அழகாகக் கழன்று வரும்.

பாத்திரங்கள் ஆட ஆட நிலை நிலையாக வலுவடையும்; பெட்டியிலுள்ள விதிகள் மூன்றாம் நிலை வரைக்கும்தான். அதைத் தாண்டிப் போகிறவர்கள் 640 பக்கமுள்ள 2019 விதிநூலைத் தேட வேண்டாம். 2023 முதல் வந்த திருத்தப்பட்ட புத்தகங்களை வாங்குவதே சரி. 2020 அச்சுப் பெட்டி கையில் இருந்தால், சில பெயர்களும் பாத்திரத் தாளில் எண்களை எழுதும் முறையும் புதிய நூல்களில் மாறியிருப்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது சண்டை மிகுந்த பெட்டி. விசாரணை, மர்மம், பேச்சு என்று ஆட ஆசைப்படும் குழுவுக்கு நிலவறை சீக்கிரம் அலுத்துவிடும். அவர்களுக்கு, மர்மத்தைத் துப்பறியும் திகில் ஆட்டமான கால் ஆஃப் க்துலுவின் ஸ்டார்ட்டர் செட் பொருந்தும். அதிலும் தனியாக ஆடும் சாகசம் உண்டு.