டர்போ பெட்ரோல் காருக்கு நிக்கல் ஸ்பார்க் பிளக்கா, இரிடியம் ஸ்பார்க் பிளக்கா?

டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால், பிளக் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். நிக்கல் பிளக்கின் நடு முனை சுமார் 2.5 மி.மீ. தடிமன். இரிடியத்தில் 0.4 முதல் 0.6 மி.மீ. தான். முனை மெலிந்தால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி பாயும், அந்த வோல்டேஜைத் தரும் இக்னிஷன் காயிலுக்கும் சுமை குறையும்.

நிக்கல் விலை மலிவு. ஆனால் முனை தேய்ந்து இடைவெளி அகன்றதும், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும்போது மிஸ்ஃபயர் ஆகும், அதாவது பெட்ரோல் பற்றாமல் போகும். மேம்பாலம் ஏறுகையில் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். இரிடியம் பல மடங்கு உழைக்கும். கம்பெனி இரிடியம் போட்டுத் தந்த எஞ்சினில் நிக்கலுக்கு இறங்கவே வேண்டாம்.

இரண்டிலும் ஹீட் ரேஞ்ச், அதாவது முனையின் சூட்டைப் பிளக் எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்ற அளவு, மாறக் கூடாது. என்ஜிகே பிராண்டில் ஹீட் ரேஞ்ச் எண் கூடினால் குளிர்ந்த பிளக் (சூட்டை வேகமாகக் கடத்துவது), பாஷ் பிராண்டில் நேர்மாறு. 'டர்போதானே' என்று இன்னும் குளிர்ந்ததைப் போட்டால், சென்னை கத்திப்பாரா நெரிசலில் ஊரும் வண்டியில் கரி படியும். சூடானதைப் போட்டால் முன்பற்றலில் (பொறிக்கு முன்பே பெட்ரோல் பற்றுவதில்) பிஸ்டனே போய்விடும்.

இடைவெளி மேனுவலில் உள்ளபடி. பல டர்போக்களுக்கு 0.7 மி.மீ.யை ஒட்டி வரும். இரிடியம் முனையை நெம்பாதீர்கள், ஒடிந்துவிடும். எஞ்சின் ஆறியபின், கையால் திருகி ஏற்றி, டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து திருகும் ஸ்பேனர்) முடியுங்கள். வாஷர் வைத்த 14 மி.மீ. மரைக்கு, அலுமினிய சிலிண்டர் ஹெட்டில், 25–30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15–20. மரையில் கிரீஸ் வேண்டாம், அளவுக்கு மீறி இறுகும்.

சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் பில் கேளுங்கள். போலி இரிடியத்தைவிட அசல் நிக்கல் எவ்வளவோ மேல்.