மகளுக்கு வாங்கிய குதிரையேற்றத் தலைக்கவசம்

தடை தாண்டும் குதிரையேற்றம் பழகும் என் மகளுக்காக, வேலூரில் தோல்பொருள் விற்கும் ஒரு கடையில் சொல்லிவைத்துத் தருவித்த தலைக்கவசம் இது. ஜாக்கிகள் (குதிரைப் பந்தய வீரர்கள்) அணியும் வகையைச் சேர்ந்த இதில், நெற்றிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கெட்டியான முனை கிடையாது. குப்புற விழும்போது அந்த முனை தரையில் ஊன்றித் தலையைப் பின்னுக்கு வளைத்துவிடக் கூடாது என்பதே காரணம்.

இதை வாங்கும்போது அயர்லாந்தின் இளம் ஜாக்கி மைக்கேல் ஓ'சல்லிவன் நினைவில் இருந்தார். 2022-இல் தொழில்முறை ஜாக்கியாகி, 2023 மார்ச்சில் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் குதிரைப் பந்தயத்தில் ஒரே நாளில் மரீன் நேஷனல், ஜாஸி மேட்டி என்ற இரு குதிரைகளில் வென்று பெயர் வாங்கிய அவர், 2025 பிப்ரவரி 6 அன்று அயர்லாந்தின் தர்லஸ் பந்தயக் களத்தில் விழுந்து, பத்து நாள் கழித்து 24 வயதில் இறந்துபோனார். அயர்லாந்தில் தலைக்கவசமும் உடல் கவசமும் இல்லாமல் எந்த ஜாக்கியும் பந்தயத்தில் இறங்க முடியாது. அப்படியும் உயிர் போயிற்று. ஆகவே இது உயிருக்கு உத்தரவாதம் என்று எந்தப் பெற்றோரும் எண்ண வேண்டாம். அடியின் வேகத்தை ஓரளவு தாங்கும். அந்த அளவுக்காகவே இது கட்டாயம் தேவை.

உள்ளே, தெர்மாகோல் போன்ற கெட்டியான நுரை அடுக்கு ஒன்று இருக்கிறது. அது நசுங்குவதன் மூலம்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. எனவே, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், பலமாக விழுந்த கவசத்தை மாற்றிவிட வேண்டும். பிறர் பயன்படுத்தியதை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கவே கூடாது. நம் பக்கத்தில் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு குதிரையேறும் பிள்ளைகளும் உண்டு. அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தாலும், அது சாலை விபத்துக்கெனச் சோதிக்கப்பட்டது. குதிரையேற்றத்துக்கு பி.ஏ.எஸ். 015 (பிரிட்டிஷ் தரம்) அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 (அமெரிக்கத் தரம்) என்ற அடையாளம் உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதில் முதலாவது இருக்கிறது.

அளவு பார்ப்பதில்தான் பொறுமை வேண்டும். வாரைப் பூட்டாமல் கவசத்தை அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். உச்சியில் கொண்டை போட்டாலோ, தேங்காய் எண்ணெய் வழியத் தலை வாரினாலோ கவசம் வழுக்கிப் பின்னால் போய்விடுகிறது. கழுத்தோடு ஒட்டிய தாழ்ந்த ஒற்றைப் பின்னல்தான் சரியாக அமைகிறது.

அக்னி நட்சத்திர வெயிலில் இது கடினம்தான். காற்றுத் துளைகள் குறைவு. அரை மணி நேரப் பயிற்சிக்குள் உள்துணி நனைந்துவிடுகிறது. கழற்றித் துவைக்க முடிவது பெரிய ஆறுதல். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், சூடு நுரையைக் கெடுக்கும்.

கடைக்காரர் மகளின் தலைச்சுற்றை நாடாவால் அளந்து, ஒரு அளவு கூடுதலாக வாங்கினால் வளர்ந்தபின் உதவும் என்ற என் யோசனையை உறுதியாக மறுத்தார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் போகலாம். சிறுவர் அளவுகள் கையிருப்பில் இல்லை என்பது ஒரு குறை; பயிற்சி தொடங்குவதற்கு முன்பே சொல்லிவைப்பது நல்லது.